ஆறு உப்பாகும் இடம்

(திருத்துறைப்பூண்டியில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். காவிரி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் குடகு என்பார்கள். எங்கே கடலில் சேர்கிறது? பூம்புகார். சரிதான். ஆனால் காவிரியிலிருந்து பிரிந்து வருகிற நம் பக்கத்துக் கோரையாறும் பாமணியாறும் பூம்புகார் போவதில்லை. முத்துப்பேட்டைக்குத் தெற்கே சேற்றில் போய் இறங்குகின்றன. அந்தச் சேற்றைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

படகில் போனால் இரு கரையிலும் அலையாத்தி மரம். அதன் வேரைப் பாருங்கள்: சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் பென்சில் நட்டு வைத்ததுபோல் மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. மழையில்லாத நாளில் ஓர் இலையைப் பறித்து நாக்கில் வையுங்கள், கரிக்கும். குடித்த உப்பை மரம் இலை வழியே வெளியே தள்ளுகிறது. அதற்காகப் பக்கத்தில் நிற்கும் தில்லை மரத்தைத் தொட்டுவிடாதீர்கள்; அதன் பால் கண்ணில் பட்டால் வம்பு. படகுக்காரரிடம் கேட்டுவிட்டே பறியுங்கள்.

கிழக்கே வேதாரண்யத்திலும் இதே உப்புதான், பாத்தி கட்டி விளைகிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து அள்ளியது அதைத்தான். வேதாரண்யம் போகிறவர்கள் கோயில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கோடியக்கரை. வெளிமான் நிற்கும், மார்கழி, தை மாதங்களில் பூநாரை வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டை எப்படிப் புரட்டிப் போட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். நாகூர் போனால் இறால் வைத்துப் பொரித்த வாடாவைச் சூட்டோடு தின்ன வேண்டும், ஆறினால் வீண். ஆனால் என் ஓட்டு முத்துப்பேட்டை மடவை மீனுக்கு. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடம்தான் அதற்குப் பிடிக்கும். படகுச் சத்தம் கேட்டால் தண்ணீருக்கு மேலே துள்ளும். ஐப்பசி மழையில் ஆறு வரும்போது காயலில் உப்பு குறைகிறது, கோடையில் ஏறிவிடுகிறது. போன கார்த்திகையில் ஒரு படகுக்காரர் வீட்டில் மடவைக் குழம்பு சாப்பிட்டேன். புளி தூக்கலாக, மாங்காய் போட்டது. நன்றாக இருக்கிறதே என்றேன். அவர் சிரித்துவிட்டு, “இது ஆத்துத் தண்ணி மடவை ஐயா. சித்திரையில வாங்க, அது வேற ருசி” என்றார்.

சித்திரைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போகத்தான் போகிறேன்.