ஜாக்கி தூக்கும், தாங்காது

நேயர்களுக்கு வணக்கம். சேலம் குரங்குச்சாவடிப் பக்கம் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காடு கோடை விழா நெருங்கினால் வண்டியைச் சரிபார்க்க ஆட்கள் வருவார்கள். இப்போது சிலர் வீட்டு வாசலிலேயே டயரைக் கழற்றி, பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கப்போகிற வண்டிக்கு அது தேவையான வேலைதான். பிழைப்பு போகிறதே என்று நான் பேச வரவில்லை. வண்டியைத் தூக்குகிற விதத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் தரை. நம் வீட்டுப் போர்டிகோ மழைத் தண்ணீர் ஓட வாட்டமாகத்தான் போட்டிருக்கும். வழவழ டைல்ஸ் வேறு. இரண்டும் ஆகாது. சமமான சிமெண்ட் தரை வேண்டும். மண் தரையென்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். இல்லையென்றால் பாரம் ஏற ஏற ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். ஏற்காட்டில் சரிவில் வீடு இருப்பவர்கள் இந்த வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது முட்டு. "கியர் போட்டிருக்கிறேன், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறேன், அப்புறம் எதற்குக் கட்டை?" என்று கேட்பார்கள். இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தில் இழுப்பவை. அதில் ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் பிடிக்காது. இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருப்பதால் அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருப்பது மறுபக்கம் உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், போட்டாலும் இதே கதைதான். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். அது பெரும்பாலும் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், கேபிள் தளர்ந்திருந்தால் அதுவும் அரைகுறை. ஆகவே முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்களுக்கு, பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்களுக்கு, முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சங்ககிரி லாரிக்காரர்களைப் பாருங்கள். வண்டி நின்றதும் கிளீனர் குதித்து இறங்கிக் கட்டை போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

வீல் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தால் வண்டி ஜாக்கியை விட்டு நழுவிவிடும்.

ஜாக்கி வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தே வைக்க வேண்டும். கதவுக்குக் கீழே ஓடுகிற மடிப்புத் தகட்டைத் தடவிப் பாருங்கள். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், பல வண்டிகளில் சின்ன வெட்டு அடையாளம் கைக்குத் தட்டுப்படும். அதுதான் இடம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் படமே இருக்கும், யார் பிரிக்கிறார்கள்? ஆயில் சம்ப்புக்கு, அதாவது இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்குகிற தொட்டிக்கு, அடியில் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

இனி முக்கியமானது. டிக்கியில் ஸ்டெப்னியோடு கிடக்கிற கத்தரி ஜாக்கி, வழியில் டயர் மாற்ற மட்டும்தான். ஹைட்ராலிக் ஜாக்கி பார்க்க வலுவாகத் தெரியும். ஆனால் உள்ளே சீல் தேய்ந்திருந்தால் ஆயில் கசிந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சீல் விட்டுப்போனால் மொத்தமாகவும் இறங்கும். எந்த ஜாக்கியானாலும் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பாரத்தை அதன்மேல் இறக்கிவிட வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அடுக்குகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். சுவரில் பாரம் பரவலாக இறங்குவதால் அவை நிற்கின்றன. ஒரே முனையில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

ஸ்டாண்டில் நிறுத்தியதும் வெளியே நின்றபடி வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். கழற்றிய டயரை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். எது சறுக்கினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். பிள்ளைகளை வண்டிக்குள் உட்கார வைத்துக்கொண்டு தூக்குவதும் கூடாது.

மாட்டும்போது நட்டை முதலில் கையாலேயே திருகுங்கள், எதிரெதிராக. சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் கடைசி முறுக்கு. சேலத்திலிருந்து ஏற்காடு போய் வந்தால் அறுபது கிலோமீட்டர் சொச்சம் ஆகிவிடும். மறுநாள் காலை, சக்கரமெல்லாம் ஆறியிருக்கும்போது, ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் இருக்கும்.