மொட்டை மாடியில் கிளியோடு ஒரு காலை: இறகை வெட்டிவிட்டால் போதுமா?

வணக்கம். இப்போது காலை ஆறரை மணி. வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன். என் தோளில் உட்கார்ந்திருப்பவள் பொன்னி. மூன்று வயதான சன் கானூர் வகைக் கிளி. இவள் உடலைச் சுற்றி நீங்கள் காணும் நீலப் பட்டைதான் ஹார்னஸ். அதன் மறுமுனை என் மணிக்கட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. வளர்ப்புக் கிளியை வெளியே கொண்டு வருவது எப்படி என்று கேட்டவர்களில் பலர், இறகை வெட்டிவிட்டதால் தங்களுக்குப் பயமில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொன்னிக்கு முன் என்னிடம் முத்து இருந்தான்; காக்கட்டீல் என்ற கொண்டையுள்ள சிறு கிளி வகை. தொண்ணூறு கிராம் எடை. வாங்கும்போதே இறகை வெட்டித்தான் கொடுத்திருந்தார்கள். வெட்டிய இறகு உதிர்ந்து அந்த இடத்தில் புது இறகு முளைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மூன்று இறகுகள் வளர்ந்தாலே அவ்வளவு எடை குறைந்த பறவையைக் காற்று தூக்கிவிடும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு நாள் மாலை, கடற்காற்று வீசும் நேரத்தில், அவனைத் தோளில் வைத்துக்கொண்டு இதே இடத்தில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் படாரென்று மூடினார்கள். அடுத்த நொடி தோள் வெறுமையாக இருந்தது. அவன் என்னை விட்டுப் போக நினைத்துப் பறக்கவில்லை. அதிர்ந்தால் எழும்பிப் பறப்பது கிளியின் உடம்பில் ஊறிய செயல். எவ்வளவு பாசமாக வளர்த்திருந்தாலும் அது மாறாது.

அவன் எதிர்த் தெருத் தென்னையின் உச்சியில் போய் அமர்ந்தான். நான் அழைத்தேன், அவனும் பதில் குரல் கொடுத்தான், ஆனால் இறங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பறவைக்கு அறைக்குள் நேராகப் பறந்துதான் பழக்கம். உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்குவது தனியாகப் பழகி வர வேண்டிய திறமை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். அந்தப் பதற்றத்தில் நான் செய்த பெரும்பிழை, மூங்கில் கழியால் ஓலையைத் தட்டச் சொன்னது. அவன் இன்னும் இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டான். இருட்டும் வரை பின்தொடர்ந்து, எந்த மரத்தில் அடைந்தான் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்; அது ஒன்றுதான் அன்று நான் சரியாகச் செய்த காரியம். விடியும் முன்பே அவனுடைய கூண்டை அந்த மரத்தடியில் திறந்து வைத்து, தினைக் கதிரைத் தொங்கவிட்டு, அவனுக்குப் பழக்கமான சீழ்க்கையை அடித்துக்கொண்டே இருந்தேன். இரவு முழுவதும் பசித்திருந்தவன் கிளை கிளையாக இறங்கி, மதில் மேல் வந்து உட்கார்ந்தான். உங்கள் பறவை தப்பிவிட்டால் தயவுசெய்து துரத்தாதீர்கள், தண்ணீர் பீய்ச்சாதீர்கள்; கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, அதற்குப் பழக்கமான ஒலியை எழுப்பிக்கொண்டே இருங்கள்.

அப்படியானால் வெளியே கொண்டு வராமலே இருக்கலாமே என்று கேட்பீர்கள். வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிர்களை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அந்த வைட்டமின் குறைந்தால் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேராது. குறிப்பாக ஆப்பிரிக்கன் கிரே கிளிகளுக்குக் கால்சியம் குறைந்து வலிப்பே வருவதுண்டு. ஆகவே காலை வெயில் வேண்டும், ஆனால் கட்டுப்பாட்டோடு வேண்டும் என்பதே என் நிலை.

ஹார்னஸ் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் இதில்தான். பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும். பட்டை மார்பை இறுக்கினால் மூச்சே நின்றுவிடும். பட்டைக்கும் உடலுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். காலில் சங்கிலியோ கயிறோ கட்டவே கூடாது. அதிர்ந்து பறக்கும்போது முழு வேகமும் அந்த மெல்லிய எலும்பில் விழுந்து, கால் முறிந்துவிடலாம். பொன்னியைப் பழக்க எனக்கு ஆறு வாரங்கள் ஆயின. முதல் வாரம் முழுவதும் ஹார்னஸ் மேசையில் சும்மா கிடந்தது. அதன் அருகில் வந்தால் சூரியகாந்தி விதை கொடுத்தேன். பிறகு வளையத்துக்குள் தலையை நுழைத்தால் மட்டும் விதை. துண்டால் பிடித்து வலுக்கட்டாயமாக மாட்டினால், பறவை ஹார்னஸை மட்டுமல்ல, உங்கள் கையையும் வெறுக்கத் தொடங்கும். அது பழகும் வரை பூட்டிய கூண்டோடு வெளியே வாருங்கள். கூண்டின் மேற்புறத்தையும் ஒரு பக்கத்தையும் துணியால் மூடிவிடுங்கள்.

இதோ, பொன்னியைக் கவனியுங்கள். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கிறாள். இறகுகள் உடலோடு ஒட்டி, உடல் மெலிந்தது போல் தெரிகிறது. மேலே ஒரு கரும்பருந்து வட்டமிடுகிறது. நான் பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். இந்த நிலையில் கிளி உறைந்து நின்றால், உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அவளை நம்பி நிழலுக்குள் போய்விடுங்கள். பருந்தைவிட எனக்கு அச்சம் தருவது வைரி என்ற சிறிய வேட்டைப் பறவை. நகரத்து மரங்களிலேயே வாழும் அது மறைவிலிருந்து பாய்வதால், கையை உயர்த்தக்கூட நேரமிருக்காது. பூனை கீறினால் காயம் சிறிதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி பறவையின் இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். புறா எச்சம் கிடக்கும் தரையில் கிளியை நடக்க விடாதீர்கள். நைலான் மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்த பின்னும் அது புழக்கத்தில் இருப்பதால், பட்டம் பறக்கும் நாளில் நான் மாடிக்கே வருவதில்லை.

பச்சைக்கிளியை இப்படி அழைத்து வரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அவற்றை வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முறை. சன் கானூர், ஆப்பிரிக்கன் கிரே போன்ற அயல்நாட்டுப் பறவைகளை 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பறவை தொலைந்து யாரோ எடுத்து வைத்திருந்தால், அந்தப் பதிவும் கால்வளைய எண்ணும்தான் உங்களுக்குச் சான்று.

வெயில் தொட்டிச் சுவர் வரை வந்துவிட்டது. கிளிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அலகைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். பொன்னி இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, ஆயினும் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. இப்போது உள்ளே போகிறோம். கதவைச் சாத்தி, ஜன்னலைப் பார்த்து, மின்விசிறி சுழல்வது முழுவதுமாக நின்ற பிறகுதான் இவளுடைய ஹார்னஸைக் கழற்றுவேன்.