ஜீத் குன் டோ: முதல் மாதத்தில் எதைப் பழகுவது?

வணக்கம். புரூஸ் லீயைத் திரையில் பார்த்துவிட்டு, அவர் உருவாக்கிய சண்டைக் கலையான ஜீத் குன் டோவைக் கற்க வருகிறவர்கள் முதலில் உதையைப் பற்றித்தான் கேட்பார்கள். நாம் நிற்பதிலிருந்து தொடங்குவோம்.

ஹாங்காங்கில் ஆசான் இப் மானிடம் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றவர் லீ. 1964-ல் அமெரிக்காவின் ஓக்லாண்டில் வோங் ஜாக் மான் என்ற குங்ஃபூ வீரரோடு மோதிய பிறகு, தன் முறை போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஃபென்சிங் என்னும் வாள்வீச்சின் காலசைவையும் பாக்சிங்கின் குத்துகளையும் சேர்த்துக்கொண்டார். 1967-ல் அதற்கு இந்தப் பெயர் வந்தது.

(காட்சி: பக்கவாட்டில் நிற்கும் நிலை)

நீங்கள் வலது கைக்காரரா? வலது கையும் வலது காலும் முன்னால் வரட்டும். பாக்சிங் பழகியவருக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் வலுவான கை எதிராளிக்குப் பக்கத்தில் இருந்தால், அது போக வேண்டிய தூரம் குறைகிறது. பின்காலின் குதிகால் சற்றே தூக்கியிருக்கட்டும், முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கட்டும்.

சரி, இப்போது முன்கை நேர்க்குத்து. கட்டைவிரல் மேலே பார்க்க, முஷ்டி செங்குத்தாகப் போக வேண்டும். குத்துவதற்கு முன் கையைப் பின்னால் இழுக்காதீர்கள். கை கிளம்பிய பிறகுதான் கால் நகர வேண்டும். கால் முந்தினால், நீங்கள் வருவதை எதிராளி பார்த்துவிடுவார். ஃபென்சிங்கிலிருந்து வந்த இந்த ஒரு விதி கைவர வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட வேண்டாம், இதற்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

நகரும்போது முன்னே போனால் முன்கால் முதலில், பின்னே வந்தால் பின்கால் முதலில். கால்கள் குறுக்கே பின்னக் கூடாது.

(காட்சி: இருவர், ஒருவர் கையில் ஃபோகஸ் பேட், அதாவது குத்தை வாங்கும் சிறு மெத்தை)

அப்புறம் இடைமறிப்பு. இந்தக் கலையின் உயிரே இதுதான். பேட் பிடித்திருக்கும் நண்பர் உங்களை நோக்கி அடியெடுத்து வைக்கட்டும். தடுத்துவிட்டுத் திருப்பி அடிக்காமல், அவர் வரும் அந்த நொடியிலேயே உங்கள் குத்து பேடில் பட வேண்டும். முதலில் மெதுவாகச் செய்யுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விடும் உதையும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் நண்பரின் முழங்காலைத் தொடாதீர்கள், அது எளிதில் காயப்படும்.

பயிற்சி இடங்கள் இரண்டு வகை. லீ கற்பித்ததை அப்படியே காப்பவர்கள் ஒரு பக்கம், லீயின் மாணவர் டான் இனொசான்டோவைப் போலப் பிலிப்பைன்ஸ் கலைகளையும் சேர்த்துக் கற்பிப்பவர்கள் இன்னொரு பக்கம். எதில் சேர்ந்தாலும், கையுறை போட்டு ஸ்பாரிங் (இருவர் மோதிப் பழகுவது) செய்ய வைக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாத இடம் எனக்கு உடன்பாடில்லை.

விங் சுன் பயிற்சியில் அடித்துப் பழகும் மரப்பொம்மை இப்போதைக்கு வேண்டாம். கையுறையும் பல்லைக் காக்கும் மவுத்கார்டும் வாங்கினால் போதும்.