மீன்தொட்டிக்கு ஒரு மூடி

நேயர்களுக்கு வணக்கம்.

பசுமைக்குடிலுக்குச் சூடேற்றுவது பற்றி ரேடியோவில் பேசப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் சிரிப்பு. "நாகர்கோயில்ல எப்போ பனி பெய்ஞ்சு?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்துச் சமவெளியில் மார்கழி விடியலில்கூட ஒரு போர்வை போதும். ஆனால் நான் இருப்பது குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை போகிற வழியில். ஐப்பசி, கார்த்திகையில் மலையை மேகம் மூடினால் நான்கு நாள் வெயில் முகம் காட்டாது. அப்போது குடிலுக்குள் இருக்கும் என் மீன்தொட்டித் தண்ணீர் காலையில் 22 டிகிரிக்கு இறங்கிவிடும்.

22 டிகிரி நமக்குச் சுகம். ஜிலேபிக் கெண்டைக்கு அப்படியல்ல. 27 முதல் 30 டிகிரி வரை இருந்தால்தான் அது நன்றாகத் தின்று வளரும். (அதன் மேம்படுத்திய ரகமான கிஃப்ட் திலேப்பியா வளர்ப்பவர்கள் மீன்வளத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.) மீன்தொட்டித் தண்ணீரையே செடிகளுக்கும் சுற்றவிட்டு, மீனையும் கீரையையும் சேர்த்து வளர்க்கும் இந்த அக்வாபோனிக்ஸில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் செடிக்கு உகந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அது. தண்ணீர் குளிர்ந்தால் அதற்கும் வேகம் குறையும்.

இதை நான் கற்றுக்கொண்டது நஷ்டப்பட்டுத்தான். முதல் வருடம், ஒரு அடைமழை வாரத்தில், கூரைத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. மீன் தீனி எடுக்கவில்லை. பசியில்லாத பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி நான் போட்டுக்கொண்டே இருந்தேன். தின்னாத தீனி அடியில் அழுகி, அம்மோனியா ஏறி, ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது மீன் மிதந்தது. குளிர் கொன்றது பாதி, என் கை கொன்றது பாதி. குளிர் நாளில் காசில்லாத முதல் வைத்தியம் தீனியைக் குறைப்பது. போடுவதையும் விடியலில் போடாமல், வெயில் ஏறிய பிறகு போட வேண்டும்.

சரி, ஹீட்டர் போட்டால் என்ன? கணக்குப் பார்ப்போம். 1,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். என் தொட்டி 3,000 லிட்டர். 4 டிகிரி ஏற்ற 14 யூனிட். ஏற்றியதை ராத்திரி திருடிக்கொண்டு போய்விடும், மறுநாள் மறுபடியும் 14. கீரை விற்ற காசு மின்கட்டணத்துக்கே போய்விடும்.

அந்தத் திருடன் யார் என்று பார்த்தால், பெரும்பங்கு ஆவியாதல். திறந்த தண்ணீர் மேல் காற்று ஓடினால் சூடு பறந்துவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காற்றாலைகளைச் சுற்றவிடும் அதே காற்று உங்கள் தொட்டியையும் ஆற்றும். அதனால் முதல் செலவு மூடிக்கு. மரச்சட்டத்தில் தெர்மாக்கோல் பலகை பொருத்தி, மேலே தார்ப்பாய். ஒரு ஓரம் கைப்பிடி அகலம் காற்றுக்கு விடுங்கள், ஏர் பம்பை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள். சிமென்ட் தொட்டியின் பக்கச் சுவருக்குக் காய்ந்த கதம்பைச் சோற்றை, அதாவது தேங்காய் நார்த் தூளை, சாக்கில் அடைத்து அடுக்கலாம், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நனைந்தால் பலன் போய்விடும், மேலே பாலிதீன் சுற்றுங்கள்.

செடிகள் வளரும் ஜல்லிப் படுக்கையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் அதன் வழியாக ஓடினால், அந்தப் பரந்த பரப்பு ஒரு பெரிய விசிறி மாதிரி தண்ணீரை ஆற்றிவிடும். நான் ராத்திரியில் மணிக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் பம்பை ஓடவிடுகிறேன். பாக்டீரியாவுக்கு ஈரம் போதும், சூடும் தங்குகிறது.

வெயில் கிடைக்கும் நாட்களில் 100 மீட்டர் கருப்பு ஹோஸைச் சுருட்டித் தெற்குப் பார்த்த கூரையில் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடலாம், மார்கழியில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். மாலை நான்கு மணிக்கு மறக்காமல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பகலில் சேர்த்ததை அதே ஹோஸ் ராத்திரியில் வெளியே விட்டுவிடும்.

சிரட்டைக்கரி மலிவாகக் கிடைக்கிறதே, உள்ளே ஒரு சட்டியில் கனல் வைத்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். மூடிய குடிலுக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், மணமே தெரியாமல் ஆளைக் கொல்லும்.

எனக்கு ஆசை வேறொன்றில். பிரான்சில் ழான் பேன் என்பவர் 1970களில் காட்டுச் சுள்ளிகளை நொறுக்கி மக்கவைத்து, குவியலுக்குள் குழாயைச் சுற்றி வைத்தே வீட்டுக்கு வெந்நீர் எடுத்தார். நன்றாக மக்கும் குவியலின் நடுவில் 60 டிகிரி சாதாரணம். என்னிடம் தென்னை மட்டை, ரப்பர் இலை எல்லாம் மலைபோல் கிடக்கிறது. வருகிற ஐப்பசிக்கு முன் குவியல் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். ஒரு டெம்போ சாணிக்கு யாரிடம் சொல்வது என்பதுதான் இப்போதைக்குப் பிரச்சினை.

வணக்கம்.