விருப்பமுள்ளவர்கள் ஆமென் சொல்லலாம்

(லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பிள்ளையைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கடைச் சாமான் வாங்கி வரலாம் என்றிருந்த உங்களை மறித்து இந்த மண்டபத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

போன மாதம் இங்கே வாசலில் ஒரு தகப்பன் கேட்டார். "அண்ணை, மகனுக்குச் சேர்ச் ஸ்கூலிலதான் இடம் கிடைச்சது. இப்ப குளிக்கேக்கையும் யேசுப் பாட்டுப் படிக்கிறான். எழுதிக் குடுத்தா வழிபாட்டில இருந்து எடுக்கலாமாம். எடுக்கவோ?" நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கான பதில்தான் இன்றைய பேச்சு.

நான் சைவன். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆரம்பப் பள்ளி ஒன்றில் சில வருடம் நிர்வாகக் குழுவில் இருந்தேன். கவர்னர் என்பார்கள். ஊரில் அம்மாவிடம் "நான் கவர்னர்" என்று சொன்னபோது, எந்த மாகாணத்துக்கு என்று கேட்டார்.

முதலில் அந்த வழிபாடு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பெற்றோரில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. மதியம் சாப்பாட்டு மேசை போடுகிற அதே மண்டபம். பிள்ளைகள் வரிசையாக வந்து தரையில் சப்பணம் கட்டி உட்காருவார்கள். சின்ன வகுப்பு முன்னால், பெரிய வகுப்பு பின்னால். ஒரு மேசையில் துணி விரித்து மெழுகுவர்த்தி வைத்திருப்பார்கள். ஒரு பெரிய பிள்ளை ஆசிரியரோடு வந்து அதை ஏற்றும். ஒரு வாழ்த்து, ஒரு பாட்டு, ஒரு கதை, கொஞ்ச நேர அமைதி, கடைசியில் ஒரு சின்ன ஜெபம். எல்லாம் 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த ஜெபத்துக்கு முன்னால் எங்கள் தலைமை ஆசிரியை ஒரு வாக்கியம் சொல்வார். "நான் இப்போது ஜெபம் செய்யப் போகிறேன். இது உங்கள் ஜெபமாகவும் இருக்க வேண்டும் என்று விரும்பினால் கடைசியில் ஆமென் சொல்லுங்கள். இல்லையென்றால் அமைதியாக உட்கார்ந்து உங்களுக்குப் பிடித்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்." ஒவ்வொரு நாளும், ஒரு சொல் மாறாமல். முதலில் அதை நான் ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, முழு விஷயமும் அந்த "விரும்பினால்" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு பள்ளியிலும் நாள் கூட்டு வழிபாட்டோடு தொடங்க வேண்டும் என்றது. போர்க்காலம், கல்வி அமைச்சர் பட்லர். 1988ஆம் ஆண்டுச் சட்டம், காலையில்தான் நடக்க வேண்டும் என்பதைத் தளர்த்தியது. ஆனால் திருச்சபையைச் சேராத சாதாரண அரசுப் பள்ளியிலும் அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்றது. ஆம், உங்கள் தெருமுனைக் கவுன்சில் பள்ளிக்கும் இது பொருந்தும். வேறு சமயப் பிள்ளைகள் அதிகமென்றால் உள்ளூர்ச் சமயக் கல்விக் குழுவிடம் விலக்குக் கேட்கலாம். திருச்சபைப் பள்ளி என்றால் அதன் சொந்தச் சாசனப்படி நடக்கும். இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையுடையது. அதனால் இது எங்கோ ஒரு மூலையின் கதை இல்லை.

இந்தப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன? 1811இல் நேஷனல் சொசைட்டி என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குத் திருச்சபையின் கொள்கைப்படி கல்வி கொடுப்பது நோக்கம். பணம் குறைவு, ஆசிரியர் குறைவு, பிள்ளைகள் ஏராளம். என்ன செய்தார்கள் தெரியுமா? சென்னையிலிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கினார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியை நடத்தினார். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். சரி என்று 8 வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது. நம் சட்டாம்பிள்ளைதான், வேறென்ன? அதுவே இங்கே "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் நேஷனல் சொசைட்டிப் பள்ளிகள் முழுவதும் பரவியது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கம் செய்தார்கள். ஆகவே, சேர்ச் ஸ்கூல் வாசலில் அந்நியர் மாதிரிக் கூசி நிற்காதீர்கள். அந்தக் கட்டடத்தின் அத்திவாரத்தில் கொஞ்சம் நம் மணலும் கிடக்கிறது.

அப்புறம், எழுதிக் கொடுத்துப் பிள்ளையை வழிபாட்டிலிருந்து எடுக்கும் அந்த உரிமை. அது நமக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பல கிராமங்களில் இருந்த ஒரே பள்ளி திருச்சபைப் பள்ளி. அந்தத் திருச்சபையைச் சேராத வேறு கிறிஸ்தவர்களான மெதடிஸ்ட் வீட்டுப் பிள்ளையும் பாப்டிஸ்ட் வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் போக வேண்டும். அவர்களுக்காகத்தான் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனச்சாட்சிப் பிரிவு வந்தது. வழிபாட்டை நாளின் தொடக்கத்திலோ முடிவிலோ வை, விரும்பாத பிள்ளையை விட்டுவிடு என்றார்கள். கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்கே திறந்துவிட்ட பக்கக் கதவு அது. இன்று நாமும் அதையே பயன்படுத்துகிறோம்.

ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது? வேறொரு பள்ளியில், பெயர் வேண்டாம், ஒரு முறை நானே பார்த்தேன். ஆபீஸுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரை ஒன்று. அதில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. கையில் நிறம் தீட்டும் புத்தகம். உள்ளே முந்நூறு பிள்ளைகள் பாடும் சத்தம். அவள் வாய் திறக்காமல் அந்தப் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய உரிமை சட்டப்படி முழுமையாகக் காக்கப்பட்டிருந்தது.

பெல்ஃபாஸ்டில் ஒரு வழக்கு நடந்தது. சமய நம்பிக்கை இல்லாத குடும்பம். மகள் அரசு ஆரம்பப் பள்ளியில் படித்தாள். வீட்டில் சாப்பிட முன் ஜெபம் சொல்லத் தொடங்கியதும் பெற்றோர் திகைத்துவிட்டார்கள். 2022இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2025இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பிள்ளையை எடுத்துவிடலாமே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. எடுத்துவிட்டால் பிள்ளை தனித்துத் தெரியும், பெற்றோர் தலையிலும் சுமை ஏறும். அது வட அயர்லாந்துச் சட்டம், இங்கே அப்படியே ஒட்டாது. ஆனால் அந்தக் கதிரை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அப்படியானால் எல்லோருக்கும் பொருந்தும்படி வழிபாட்டைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடலாமா? சில பள்ளிகள் அதைச் செய்கின்றன. "இந்த மாத விழுமியம் நட்பு" என்று ஒரு சுவரொட்டி, ஒரு வீடியோ, கை தட்டல். யாருக்கும் நோகாது, யாருக்கும் ஒன்றும் கிடைக்கவும் செய்யாது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இங்கிலாந்துத் திருச்சபை 2021இல் தன் பள்ளிகளுக்குக் கொடுத்த வழிகாட்டல் மூன்று விஷயம் கேட்கிறது. வழிபாடு எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கட்டாயமில்லாமல் அழைப்பாக இருக்க வேண்டும், உள்ளத்தை எழுப்ப வேண்டும். மூன்றாவதைக் கைவிட்டு முதலாவதைச் செய்ய முடியாது.

யேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எடுங்கள். வழியில் அடிபட்டுக் கிடக்கிறான் ஒருவன். குரு ஒருவர் விலகிப் போகிறார், ஆலயப் பணியாளர் ஒருவர் விலகிப் போகிறார், சமாரியன் நின்று தூக்குகிறான். "உதவி செய்வோம்" என்று அதை முடித்தால் அது வெறும் முதலுதவி வகுப்பு. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்குச் சமாரியன் என்றால் அருவருப்பு. அவன் கைபட்டுப் பிழைப்பதா என்று நினைத்திருப்பார்கள். கதையின் கூர் அங்கேதான். எங்கள் ஊரில் ஒரு சாதியாரைக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாமல் வைத்திருந்தோமே, அந்தக் கிணற்றடியில் நாம் மயங்கி விழ, அவர்களில் ஒருவர் வந்து வாயில் தண்ணீர் விட்டால்? அப்படி நினைத்துப் பார்த்தால்தான் எனக்கு அந்தக் கதை சுட்டது. கிறிஸ்தவப் பள்ளி தன் கதையைக் கூர் மழுக்காமல் சொன்னால், பிறரை மதி என்று வெளியிலிருந்து யாரும் வந்து அதற்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2014இல் அரசு எல்லாப் பள்ளிகளுக்கும் "பிரித்தானிய விழுமியங்கள்" என்று ஒரு பட்டியல் கொடுத்ததே, அதில் பிற நம்பிக்கையை மதிப்பதும் ஒன்று. கதையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நம் பக்கக் குறையையும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு எங்கள் பள்ளியிலும் ஒரு அசெம்பிளி வைத்தார்கள். இராமன் காட்டிலிருந்து திரும்பி வந்த கதை, மண் விளக்கு, பளபளக்கும் தாள். என் மகளுக்கு அப்போது 6 வயது. வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம், "இராமர் வந்ததுக்குத்தான் தீபாவளி" என்றாள். அம்மம்மா, "ஆர் சொன்னது? நரகாசுரன் செத்ததுக்கெல்லோ" என்றார். பிள்ளை யாரை நம்புவது? மறுநாள் நான் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். "இரண்டு கதை இருக்கிறதா? யாரும் எங்களிடம் சொல்லவில்லையே" என்றார். உண்மைதான், நாம் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து தலையாட்டிவிட்டுக் கார் பார்க்கிங்கில் நின்று குறை சொல்வது நம் பழக்கம். அடுத்த வருட அறுவடை விழாவில், உணவு வங்கிக்குப் பிள்ளைகள் கொண்டுவந்த பீன்ஸ் டின்களுக்கு நடுவே எங்கள் பொங்கல் பானையும் இருந்தது. பொங்கல் தையில்தான், இது புரட்டாதி என்று அம்மம்மா அதற்கும் ஒரு குறை வைத்திருந்தார்.

அதே மகள் இன்னொரு நாள் கேட்டாள். "ஸ்கூலில ஜெபத்துக்குக் கண்ணை மூடினா பிள்ளையார் கோவிப்பாரா?" எனக்குப் பதில் வரவில்லை. அம்மம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். "நீ மூடு பிள்ளை. ஆருக்குக் கேக்குதோ அவர் கேக்கட்டும்."

அந்தத் தகப்பன் இங்கேதான் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். தம்பி, கடிதம் எழுத முதல் ஒரு நாள் காலை அனுமதி கேட்டு அந்த மண்டபத்தில் போய் உட்காருங்கள். ஜெபத்துக்கு முன்னால் "விரும்பினால்" என்று சொல்கிறார்களா என்று கவனியுங்கள். ஆமென் சொல்லாத பிள்ளையை ஆசிரியர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்றும் பாருங்கள். மெழுகுவர்த்தி ஏற்றும் முறை எல்லாப் பிள்ளைக்கும் வருகிறதா, நத்தார் நாடகத்தில் நம் பிள்ளைகள் எப்போதும் மூன்றாவது ஆட்டிடையன்தானா என்று கேளுங்கள். பிள்ளையை எடுத்தால் எங்கே உட்கார வைப்பார்கள் என்றும் கேளுங்கள், அந்தக் கதிரையை உங்கள் கண்ணால் பாருங்கள். பதில் சரியில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அது உங்கள் உரிமை, 1998ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 71ஆம் பிரிவு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் நான் கடைசியாகப் போன நாள் மெழுகுவர்த்தியை அணைக்கும் முறை ஒரு சோமாலியப் பையனுடையது. ஜெபம் முடிந்தது, அவன் ஆமென் சொல்லவில்லை. எழுந்து வந்து, நீளக் காம்பு வைத்த சின்னப் பித்தளை மூடியைத் திரியின் மேல் கவிழ்த்தான். புகை எழும்ப, முன்வரிசைச் சின்னன்கள் எல்லாம் "ஊ" என்று மணந்து பார்த்தார்கள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

சரி, வகுப்பு விட இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள், அதற்குள் பின்னால் தேத்தண்ணீர் ஊற்றட்டும்.