த்ராட்டில் பாடி புதுசு, ஐட்லிங் மட்டும் ஏன் 1500?

வணக்கம் மக்களே. முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். கேட்டதா? ஆக்சிலேட்டரில் காலே வைக்கவில்லை, வண்டி நியூட்ரலில் நிற்கிறது, என்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது, ஆனாலும் ஆர்.பி.எம் முள் 1500 வரை ஏறுகிறது, சட்டென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இது நிசான் சன்னி பெட்ரோல், 1.5 லிட்டர், நம்ம ஒரகடத்தில் செய்த வண்டி. பக்கத்துத் தெரு அண்ணனுடையது. என்ஜினுக்குள் போகிற காற்றை ஒரு தட்டால் கட்டுப்படுத்துகிற த்ராட்டில் பாடியை மாற்றியதிலிருந்து இப்படித்தான். மாற்றிக் கொடுத்த இடத்தில் "புதுப் பார்ட்டே டிஃபெக்ட் சார், வேற ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இன்னொன்று வாங்குவதற்கு முன்னால் வண்டியை இங்கே கொண்டுவாருங்கள் என்றேன்.

இதோ என் கையில் இருப்பது கழற்றிய பழைய பாடி. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். நடுவில் இருக்கிற வட்டத் தட்டின் விளிம்பைப் பாருங்கள், சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம், சுரண்டினால் நகத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. என்ஜினுக்குள்ளிருந்து பி.சி.வி ஹோஸ் என்கிற குழாய் வழியாக வருகிற ஆயில் ஆவியும் தூசியும் சேர்ந்து வருஷக்கணக்கில் படிந்த கரி இது. ஐட்லிங்கில், அதாவது பெடலைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது, அதற்கு வேண்டிய காற்று, இந்தத் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளி வழியாகத்தான் போகிறது. அந்த இடைவெளியைக் கரி அடைக்க அடைக்க, என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈ.சி.யூ தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து ஈடுகட்டுகிறது, எவ்வளவு திறந்தோம் என்பதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது.

இப்போது பளபளவென்று புதுசு போட்டாயிற்று. ஈ.சி.யூவுக்கு அது தெரியுமா? தெரியாது. பழைய கணக்கிலேயே திறக்கிறது. சல்லடை அடைத்த குழாயை நாலு சுற்றுத் திறந்து பழகியவர், சல்லடையைச் சுத்தம் செய்த பிறகும் அதே நாலு சுற்றுத் திறந்தால் முகத்தில் அடிக்கும் இல்லையா, அதேதான். காற்று அதிகம் போகிறது, ஆர்.பி.எம் ஏறுகிறது. பெடலில் கால் இல்லாமல் வேகம் இவ்வளவு ஏறினால் ஈ.சி.யூ பெட்ரோலை நிறுத்திவிடும், வேகம் விழுந்ததும் மறுபடி விடும். நீங்கள் கேட்ட அந்த ஏற்ற இறக்கம் இதனால்தான்.

சரி, புதுக் கணக்கை ஈ.சி.யூவுக்கு உடனே கற்றுக்கொடுத்துவிடலாமா என்றால், இல்லை, கொஞ்சம் பொறுங்கள். காற்று ஒழுகுகிற வண்டிக்கு எத்தனை முறை கற்றுக்கொடுத்தாலும் ஏறாது. புதுப் பாடி மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது, பக்கத்தில் இருக்கிற சின்ன வாக்யூம் ஹோஸை மாட்ட மறப்பது, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயின் கிளாம்ப்பை அரைகுறையாக முடுக்குவது, இதெல்லாம் தினமும் நடக்கிறது. காற்று ஒழுகுகிறதா, இல்லை ஈ.சி.யூவின் பழைய கணக்குதானா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, இந்த வீடியோவில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத் ஸ்கேனரை மாட்டி, போனில் லைவ் டேட்டா திறக்கிறேன். எரர் கோடு (code) P0507, ஐட்லிங் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று அர்த்தம். அதோடு விடாதீர்கள். 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்' என்று ஒரு எண் இருக்கும், ஈ.சி.யூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது, அதைப் பாருங்கள். இந்த வண்டியில் காற்றை அளக்கிற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அந்த சென்சாரைத் தாண்டி எங்காவது ஓட்டை இருந்தால், அளக்காத காற்று உள்ளே போகும், கலவை மெலியும், ஈ.சி.யூ பெட்ரோலைக் கூட்டும், ஐட்லிங்கில் இந்த எண் ப்ளஸ் 15, 20 என்று போய் நிற்கும், 2500-க்கு ரேஸ் செய்தால் இறங்கிவிடும். அப்படி இருந்தால் ஹோஸ், கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய், பெட்ரோல் டாங்க் ஆவியை இழுக்கிற பர்ஜ் வால்வு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இங்கே ப்ளஸ் 3-தான். போகிற காற்றெல்லாம் அளந்துதான் போகிறது, ஓட்டை இல்லை, தட்டுதான் அதிகம் திறந்திருக்கிறது. பார்ட் நல்ல பார்ட்.

காற்றை நேராக அளக்காமல் உள்ளே இருக்கிற அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிற மேப் சென்சார் மட்டும் இருக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், உங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ஓட்டை இருந்தாலும் சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்தே கணக்கிடும், ட்ரிம் நன்றாகவே காட்டும், ஐட்லிங் மட்டும் ஏறும். நீங்கள் ஹோஸ்களைக் கையால் தடவித்தான் தேட வேண்டும், இல்லை ஸ்மோக் டெஸ்ட், அதாவது உள்ளே புகை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது.

இப்போது கற்றுக்கொடுப்போம். என்ஜின் 70 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், ஐட்லிங்கில் பேட்டரி 12.9 வோல்ட்டுக்கு மேல். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப், ஸ்டியரிங் நேராக. ஸ்டியரிங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் கேட்கிறார். அதைத் திருப்பினால் என்ஜினுக்கு லோடு ஏறும், தப்பான அளவைக் கற்றுக்கொள்ளும் அண்ணா, அதனால்தான்.

முதலில் பெடலைத் தொடாமல் சாவி ஆன், இரண்டு விநாடி, ஆஃப், பத்து விநாடி. ஆஃப் செய்ததும் பானெட் பக்கம் காதை வையுங்கள், தட்டு அசைகிற மெல்லிய சத்தம் வரும். இதையே இன்னொரு முறை. அப்புறம்தான் முக்கியமான கட்டம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள், மனசுக்குள் எண்ணினால் தப்பும். சாவி ஆன், ஸ்டார்ட் செய்யக் கூடாது, மூன்று விநாடி. பெடலை முழுக்க அழுத்தி விடுவது ஐந்து முறை, ஐந்து விநாடிக்குள். ஏழு விநாடி சும்மா இருங்கள். பிறகு பெடலை முழுக்க அழுத்திப் பிடியுங்கள், செக் என்ஜின் லைட் மினுக்க ஆரம்பிக்கும், விட்டுவிடாதீர்கள், கிட்டத்தட்ட இருபது விநாடியில் மினுக்குவது நின்று அப்படியே எரியும், எரிந்த மூன்று விநாடிக்குள் காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் இருபது விநாடி எதையும் தொடாதீர்கள்.

முள்ளைப் பாருங்கள்... 1200... 900... வந்துவிட்டது, 700 பக்கம். இரண்டு ரேஸ் கொடுத்துப் பார்க்கிறேன், திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது. ஏசி போடுகிறேன், லேசாக ஏறி நிற்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த P0507-ஐ ஸ்கேனரில் அழித்துவிடுவோம்.

இந்தப் பெடல் வித்தை நிசானுக்கு. ஹோண்டாவில் எல்லா லோடையும் அணைத்துவிட்டு ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை 3000-இல் பிடித்து, பிறகு ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் விடுவார்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் இந்தக் கற்றுக்கொடுக்கிற வேலையை ஸ்கேனரில் 'அடாப்டேஷன்' என்று போட வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் போதும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், சில வண்டிக்குச் சரி, எல்லாவற்றுக்கும் இல்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய பார்ட் கடைகளில் பாடி எடுத்து மாட்டினாலும் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும், பார்ட் நம்பரையும் ஒத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டர் கேபிள் இல்லாமல் மோட்டாரால் திறக்கிற இந்த மாதிரி பாடியில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கைக் குறைக்கிறேன் என்று யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளவும் வேண்டாம், உள்ளே மோட்டாரும் பல்சக்கரமும் இருக்கிறது, விரலும் போகும் பாடியும் போகும்.

P2135 என்று எரர் கோடு வந்தால் அது வேறு கதை, உள்ளே இருக்கிற இரண்டு பொசிஷன் சென்சாரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, கனெக்டர் பின்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். உங்கள் வண்டியில் பிரச்சினை என்றால் மாடல், வருஷம், சூடான பிறகு ஆர்.பி.எம், ட்ரிம் எண், இந்த நாலையும் எழுதுங்கள். "அண்ணா வண்டி ரேஸ் ஆகுது" என்று மட்டும் போட்டால் நான் என்ன சொல்வது, எனக்கும் கேட்கிறது தம்பி என்றுதான் சொல்ல முடியும்.