வரிக்கு ‘ஆம்’ சொன்னவர் யார்?

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 அக்டோபரில் மோட்டார் வாகன வரிச் சட்டத்துக்குத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. புதிய இரு சக்கர வாகனத்துக்கு அதுவரை 8 விழுக்காடாக இருந்த ஆயுள்கால வரி, ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள வண்டிக்கு 10 விழுக்காடாகவும், அதற்கு மேற்பட்டதற்கு 12 விழுக்காடாகவும் உயர்ந்தது. கார்களுக்கான வரியும் உயர்ந்தது. அதற்குப் பிறகு வண்டி வாங்கிய ஒவ்வொருவரும் அந்த வரியைக் கட்டியிருக்கிறோம். உங்கள் தொகுதி உறுப்பினர் அந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று உங்களில் யாருக்குத் தெரியும்?

தெரியாததற்கு உங்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. தேடிப் பார்த்தாலும் 234 பெயர்களுக்கு எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறித்த பட்டியல் உங்களுக்குக் கிடைக்காது. நம் சட்டமன்றங்களில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஏற்பவர்கள் ‘ஆம்’ என்கிறார்கள், மறுப்பவர்கள் ‘இல்லை’ என்கிறார்கள், எந்தக் குரல் ஓங்கியது என்று பேரவைத் தலைவர் அறிவிக்கிறார். சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் குரலில் உங்கள் உறுப்பினரின் குரல் இருந்ததா, அவர் அப்போது இருக்கையில் இருந்தாரா என்பதற்கெல்லாம் எந்தப் பதிவும் இல்லை.

எண்ணத் தெரியாத சபை அல்ல இது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது அன்று மாலைக்குள் நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. அமைச்சரவையின் உயிர் ஊசலாடும்போது தலையை எண்ணுகிறார்கள். உங்கள் பையிலிருந்து பணம் எடுக்கும் சட்டம் வரும்போது சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்கிறார்கள். இந்த வேறுபாட்டை நான் ஏற்கவில்லை. நீங்களும் ஏற்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு மிகச் சிறியது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. சட்டத்தின் அதிகாரம் என்றால் என்ன? நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர் அங்கே உட்கார்ந்து, உங்கள் சார்பில் ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்பதுதான். உங்கள் பெயரால் கொடுக்கப்பட்ட ஒப்புதலை உங்களாலேயே பார்க்க முடியவில்லை என்றால், அந்த ஒப்புதலில் உங்கள் பங்கு என்ன?

நம் மண்ணுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவிலேயே பொது விற்பனை வரி முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி அரசு, அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் அந்த வரியைக் கொண்டுவந்தது. எதை இழக்கிறோம், எதற்காக வரி கேட்கிறோம் என்று மக்கள் முன்னால் வைத்து வாதாட முடிந்த வரி அது. ஒருவர் அதை ஆதரித்திருக்கலாம், எதிர்த்திருக்கலாம். ஆனால், காரணமும் வரியும் ஒன்றாகவே மேசைக்கு வந்தன.

இனி வெளிநடப்பு. இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால், எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர்களுக்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு. வரி மசோதா வாக்கெடுப்புக்கு வரும் நேரத்தில் வேறொரு பிரச்சினைக்காக அவையை விட்டு வெளியே போய்விட்டால், ஆதரித்தோம் என்றும் சொல்ல வேண்டியதில்லை, எதிர்த்தோம் என்றும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வந்து ‘நாங்கள் எதிர்த்தோம்’ என்று மேடையில் முழங்கலாம். நாளை ஆட்சிக்கு வந்த பின் அதே வரியைக் கைவைக்காமல் தொடரலாம். எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. மாறி மாறி எல்லோரும் செய்ததுதான். பெயர் வாரியாகப் பதிவு இருந்தால், வெளிநடப்புச் செய்தவரின் பெயருக்கு எதிரே ‘வாக்களிக்கவில்லை’ என்று நிற்கும். அந்த ஒரு சொல்லுக்கு அவர் தம் தொகுதியில் விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிலர் என்னிடம் ஒரு தடையைச் சொல்வார்கள்: ‘கொறடா உத்தரவு இருக்கும்போது தனி உறுப்பினரின் வாக்கைப் பதிவு செய்து என்ன பயன்? கட்சி சொன்னபடிதானே வாக்களிப்பார்?’ நியாயமான கேள்வி. 1985இல் அரசியலமைப்பின் 52ஆவது திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகும் என்கிறது. ஆனால் 1992இல் கிஹோட்டோ ஹொலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னதோடு, நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சி மக்களிடம் வாக்குக் கேட்ட அடிப்படைக் கொள்கை சார்ந்த வாக்கெடுப்புக்கும் மட்டுமே அந்தத் தண்டனை பொருந்தும்படி கொறடா கட்டளை அமைய வேண்டும் என்றும் சொன்னது.  ஒவ்வொரு வரித் திருத்தமும் ஒரு கட்சியின் அடிப்படைக் கொள்கை ஆகிவிடாது.

கொறடா கட்டளை இருந்தே தீரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பதிவு வேண்டும். ‘கட்சி சொன்னது, நான் வாக்களித்தேன்’ என்று ஒருவர் சொல்வதானால், அதை அவர் தம் வாயால், தம் வாக்காளர் முன்னால் சொல்லட்டும். அப்படிச் சொல்ல நேரும் என்று தெரிந்த உறுப்பினர், கட்சிக் கூட்டத்திலாவது ‘இந்த வரி என் தொகுதியில் இன்னாரை இப்படிப் பாதிக்கும்’ என்று எழுந்து பேசுவார். எனக்கு அந்தப் பேச்சு வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது, அது இதைவிட ஆபத்தானது. வரி அவைக்கே வராமல் உயர்வது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, சட்டமன்றம் கூடியிராத நேரத்தில், தமிழ்நாட்டில் பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரி அறிவிப்பின் மூலமே உயர்ந்தது. பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசும், டீசல் 2 ரூபாய் 50 காசும் கூடின. 2021 ஆகஸ்டில் புதிய அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது, அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அவையில் சொல்லிவிட்டே குறைத்தது. குறைப்பு அவையில் அறிவிக்கப்படுகிறது, உயர்வு அரசிதழில் வருகிறது. அறிவிப்பின் மூலம் உயர்த்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்ததும் சட்டமன்றத்தின் வாக்குதான். அந்த வாக்கின் பதிவையும் நாம் கேட்க வேண்டும்.

சரக்கு மற்றும் சேவை வரி பற்றிக் கேட்டால், ‘அதெல்லாம் டெல்லியில் முடிவாகிறது’ என்று கை விரிப்பார்கள். ஏற்காதீர்கள். மத்திய, மாநில அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் ஜிஎஸ்டி மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மதிப்பு மாநிலங்களுடையது. ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். அந்த மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே நம் அமைச்சர் எந்த நிலை எடுக்கப் போகிறார் என்று முன்கூட்டியே கேட்கவும், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கவும் 234 பேருக்கும் உரிமை இருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசியலமைப்பு, பெயர் கூப்பிட்டு எடுத்த வாக்கு அவையின் குறிப்பேட்டில் பதிவாகாமல் எந்த மசோதாவும் நிறைவேறாது என்கிறது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டில் ‘எந்த வரி உயர்வுக்கும் வாக்களிக்க மாட்டேன்’ என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. வரிக்கு ‘ஆம்’ சொன்னவர் எல்லாம் நம் எதிரி அல்லர். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வரிப்பணத்தில்தான் நிற்கின்றன. எல்லாத் திட்டத்தையும் வரவேற்றுவிட்டு எல்லா வரியையும் எதிர்ப்பவரைவிட, ‘ஆம், நான் வாக்களித்தேன், இதற்காக’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறவரையே நான் நம்புவேன். யாருக்கு வரிச் சலுகை கொடுக்க வாக்களித்தார் என்பதையும் அதே பதிவில் பார்க்க வேண்டும்.

இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. டெல்லியின் அனுமதியும் வேண்டியதில்லை. 208ஆவது பிரிவின்படி சட்டமன்றம் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ‘வரி விதிக்கும், உயர்த்தும், குறைக்கும், விலக்களிக்கும் எந்த மசோதாவும் டிவிஷன் முறையில், அதாவது உறுப்பினர்களின் வாக்கை எண்ணி, பெயர்ப் பதிவோடு மட்டுமே நிறைவேற வேண்டும், அந்தப் பட்டியல் அன்றே வெளியிடப்பட வேண்டும்’ என்று ஒரே ஒரு விதி போதும். அது வரும் வரையிலும் வழி இருக்கிறது: குரல் வாக்கெடுப்பின் முடிவை ஏற்காத உறுப்பினர் எழுந்து டிவிஷன் கேட்கலாம். அடுத்த கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் உங்கள் தொகுதி அலுவலகத்துக்குப் போய், ‘வரி மசோதா வந்தால் எழுந்து டிவிஷன் கேட்பீர்களா?’ என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.